பணியாரத்துக்குச் சுழியம்

வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் குழுவினருக்கு, செட்டிநாட்டுத் தமிழாசிரியர்கள் சிலரின் வணக்கம்.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் இரட்டுற மொழிதலுக்கு (ஒரே சொல்லோ தொடரோ இரு பொருள் தருவதற்கு) ஓர் எடுத்துக்காட்டுக் கேட்டிருந்தீர்கள். ஒரு மாணவி எழுதியது: "சிவன் கழுத்திலும் பணியாரம், ஆச்சி சட்டியிலும் பணியாரம்." பணி என்றால் பாம்பு, ஆரம் என்றால் மாலை. இகரத்துக்குப் பின் உயிர் வந்தால் யகரம் உடம்படுமெய்யாக, அதாவது இரண்டையும் இணைக்கும் எழுத்தாக, வரும். நன்னூல் படித்தவர்கள் அறிந்ததுதான். சொல்லைப் பிரித்து வேறு பொருள் காட்டும், பிசிறில்லாத பிரிமொழிச் சிலேடை. கிடைத்த மதிப்பெண் சுழியம். விடைக்குறிப்பில் பணியாரம் இல்லையாம்.

பாடத்தில் உள்ள, ஒரே சொற்களால் தமிழையும் கடலையும் பாடும் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 'மெத்த வணிகலம்' என்று இடம் விட்டு எழுதியதுமே பாட்டு கடல் பக்கம் சாய்ந்துவிடுகிறது. தமிழுக்குரிய 'மெத்த அணிகலம்' பிள்ளைகள் காதில் விழுவதில்லை. அதனால் கரும்பலகையில் 'மெத்தவணிகலம்' என்று சேர்த்தெழுதி, ஒரே மூச்சில் இரண்டு மூன்று தடவை சொல்லவைக்க வேண்டும். பிறகுதான் கேள்வி: இந்த 'வ' சொல்லோடு பிறந்ததா, இடையில் வந்து சேர்ந்ததா? பிறந்தது என்றால் வணிகக் கப்பல். வந்து சேர்ந்தது என்றால் அணிகலன், அதாவது ஐம்பெருங்காப்பியம். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, கப்பலேறியவர்களின் ஊரில் கப்பலை விளக்க வேண்டியதில்லை. அந்த வகரத்தில்தான் நேரம் போகும். 'முத்தமிழ்' இன்னும் சிக்கல். கடலுக்கு முத்து, அமிழ் என்று பிரிக்க, 'முத்து' என்பதன் இறுதி உகரம் (குற்றியலுகரம்) உயிர் வந்தால் கெடுவது தெரிந்திருக்க வேண்டும். அதைக் கீழ்வகுப்பில் கோட்டை விட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

இதற்கு ஒரு பாடவேளை முழுசாக வேண்டும். தமிழுக்கு இது, கடலுக்கு இது என்ற பொருள் அட்டவணையை முதலிலேயே எழுதிப்போட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அடுத்த வாரம் 'பலகை'யைக் கொடுத்தால் 'பல கை' வராது.

நாங்கள் கேட்பது ஒரே வரி. 'பொருந்தி வரும் பிற எடுத்துக்காட்டுகளுக்கும் முழு மதிப்பெண் வழங்குக' என்று விடைக்குறிப்பில் சேருங்கள். அந்த வரி இல்லாதவரை, அட்டவணையை உருப்போட வைப்பவரே நல்ல ஆசிரியர் என்றாகிறது.

காரைக்குடியில் தமிழ்த்தாய்க்குக் கோயிலே இருக்கிறது. 1939-இல் தொடங்கிய கம்பன் கழகமும் இங்கேதான். கம்பன் ஒரு சொல்லை ஏன் அந்த இடத்தில் வைத்தான் என்று அறிஞர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள், நாமும் கைதட்டுவோம். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு சொல்லைப் பிரித்துப் பார்த்தால் மட்டும் சிவப்பு மை. தேர்ச்சி விழுக்காட்டுக்கு ஒரு கூட்டம், அது ஏன் குறைந்தது என்று மறு கூட்டம், இரண்டையும் கணினியில் ஏற்ற இன்னொரு நாள்... சரி, அது வேறு மடலுக்கு ஆகட்டும்.

அடுத்த திருப்புதல் தேர்வின் விடைக்குறிப்பு அச்சுக்குப் போகுமுன் அந்த ஒரு வரியைச் சேர்த்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இயன்றால், பணியாரத்துக்குரிய இரண்டு மதிப்பெண்ணையும்.