நம்மட கடைக் கிறீம்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகள்,

உன் குரல் பதிவை மூன்று தரம் கேட்டேன். சரக்குத்தூள், எள்ளுருண்டை, முந்திரிப்பருப்பு எல்லாம் சரி. கடைசியில், "நம்மட கடையில வித்த கிறீம் ரெண்டு டப்பி வையுங்கம்மா, கன்னம் ரெண்டும் கறுத்துப் போச்சு" என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் தொடங்கினால் நீ குறுக்கே கேட்பாய், நான் வேறு கதைக்குத் தாவிவிடுவேன்.

அது மங்கு, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வருவது. அண்ணன் வயிற்றில் இருக்கும்போது எனக்கும் மூக்குவரை ஏறியது. அவன் பிறந்து சில மாதத்தில் தெளிந்துவிட்டது. வெயிலில் போகும்போது குடை பிடி.

கிறீம் அனுப்ப மாட்டேன்.

அந்த டப்பி உனக்கு நினைவிருக்கும். தங்க நிற மூடி, உள்ளே முத்துப்போல மினுங்கும் வெள்ளை. கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து வேனில் சாமான் கொண்டுவருகிறவர் தருவார். என்னென்ன கலந்தது என்று பெட்டியில் ஒரு வரி கிடையாது. உள்ளே மடித்திருந்த துண்டில் மட்டும், தங்கம், வெள்ளி, அலுமினியத்தில் படாமல் பாவிக்கவும் என்று இங்கிலீசில் இருந்தது. அப்பா வாசித்துவிட்டு, "நகைக்கு ஆகாதாம், முகத்துக்கு ஆகுமாம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரு மாதம் நானே பூசிப் பார்த்தேன். வெளுத்தது, பொய் சொல்லக் கூடாது. அப்புறம் ஒருநாள் குளித்துவிட்டுப் பார்த்தால் தாலிக்கொடியில் கழுத்துப் பக்கமாக வெள்ளி பூசியதுபோல ஒரு திட்டு. தேய்த்தும் போகவில்லை. பத்தரிடம் கொண்டுபோனேன். அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "எங்க பிள்ள பாதரசத்தில வைச்ச?" என்று கேட்டார். என் வீட்டில் ஏது பாதரசம் என்றேன். வீட்டுக்கு வரும் வழியில், பாலத்தில் வைத்து, அந்தத் துண்டு நினைவுக்கு வந்தது.

தோலில் கறுப்பு உண்டாகும் வேலையைப் பாதரசம் தடுத்துவிடும், அதுதான் அந்த வெளுப்பு. பூசுவதை விட்டால் திரும்பக் கறுக்கும். அதற்குள் அது சிறுநீரகத்தில் போய் இருந்துவிடும். வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். துவாயில், தலையணையில் பட்டு வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒட்டும். ஒரு கிலோ கிறீமில் 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2013இல், பாதரசத்தைக் குறைக்க உலக நாடுகள் சேர்ந்து செய்த மினமாட்டா உடன்படிக்கையில் எழுதினார்கள். அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு உள்ள கிறீம்கள் இன்றைக்கும் பிடிபடுகின்றன. செய்கிறவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தபடியால்தானே தங்கத்தில் படாதே என்று எழுதினான்?

அவனை மட்டும் திட்டிக்கொண்டிருக்க எனக்கு முகமில்லை. பத்தர் சொன்ன அன்று கடையில் ஒன்பது டப்பி இருந்தது. ஒவ்வொன்றும் முந்நூற்றைம்பது ரூபா, கைக்காசு கொடுத்து எடுத்தது. வேன்காரரிடம் இனி வேண்டாம் என்றேன். ஒன்பதையும் விற்றேன்.

அதில் இரண்டை வாங்கினது திராய்மடுப் பக்கத்துப் பிள்ளை ஒன்று. ஆவணியில் கல்யாணம். முன்பும் வாங்கினவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் கடைக்கு வந்தாள். முகம் திட்டுத் திட்டாகக் கறுத்து, கண்ணிமையும் காலும் வீங்கி, செருப்பு வார் காலில் பதிந்திருந்தது. "அக்கா, அந்தக் கிறீம் இருக்கா?" என்றாள். "முடிஞ்சுது மகள்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். காலைப் பார்த்தேன், கேட்கவில்லை.

நீயும் அந்த வருடம்தான் ஓ.எல். பரீட்சை எடுத்தாய். ஒரு டப்பியைக் களவாய்த் திறந்து பூசினாய். தலையணை மணத்தில் பிடித்தேன். அகப்பைக் காம்பால் அடித்தது நினைவிருக்கா? களவுக்கு அடித்தேன் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஏனென்று சொல்லியிருந்தால், விற்ற கதையையும் சொல்லவேண்டி வந்திருக்கும்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், உன் ஒட்டாத தாச்சியைப் பற்றிப் பேச்சு வந்தபோது அண்ணன் ஒன்றை வாசித்துக் காட்டினான். ஒட்டாமல் இருக்கப் பூசுகிற டெப்லோனைச் செய்வதற்குப் பாவித்த சி-8 என்ற ரசாயனம் முயல், எலிகளின் ஈரலைப் பெருக்கவைக்கிறது என்பது அமெரிக்காவின் டியூபொன்ட் கொம்பனிக்காரருக்கு 1961இலேயே தெரியுமாம். 1981இல், எலிக்குட்டிகளின் கண்ணில் கோளாறு வருகிறது என்று சி-8 ஐச் செய்து கொடுத்த த்ரீ எம் கொம்பனி அறிவித்தது. உடனே டியூபொன்ட்காரர் தங்கள் டெப்லோன் பகுதியில் வேலைசெய்த பெண்களுக்குப் பிறந்த பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஏழு பிள்ளைகளில் இரண்டுக்குக் கண்ணில் குறை. வெளியே மூச்சுவிடவில்லை. மேற்கு வேர்ஜீனியாவில், அந்தக் கொம்பனி கழிவு கொட்டிய இடத்துக்குப் பக்கத்தில் மாடுகள் செத்து விழுந்த ஒரு பண்ணைக்காரர் 1998இல் ரொப் பிலட் என்ற வழக்கறிஞரைத் தேடிப் போகாவிட்டால் காகிதங்கள் இன்னும் அலுமாரியில்தான். மறைத்த வழக்கை 2005இல் 165 லட்சம் டொலருக்கு அரசோடு முடித்துக்கொண்டார்கள், பிழையை ஒப்புக்கொள்ளாமலே.

அண்ணன் கொதித்தான். எனக்கு ஒன்பது டப்பியும் கண்முன் நின்றது. அந்தக் கொம்பனி மேசையில் இருந்தவர்களும் கையிருப்பைத்தான் எண்ணியிருப்பார்கள்.

தாச்சியை அதற்காக எறிய வேண்டாம். சி-8 ஐப் பெரிய கொம்பனிகள் 2015ஓடு விட்டுவிட்டன. பதிலுக்கு அதன் ஒன்றுவிட்ட தம்பியைப் போடுகிறார்களாம், அது வேறு கதை. மேற்பூச்சு உரிந்தால் மட்டும் மாற்று.

போன ஆடி அமாவாசைக்கு மாமாங்கக் கோயிலில், கிறீம் வாங்கின அந்தப் பிள்ளையின் தாயைக் கண்டேன். தீர்த்தக்கரைச் சனத்துக்குள் நழுவி மற்றப் பக்கம் போய்விட்டேன்.

நீ ஒன்று செய். கல்யாணத்துக்கு ஸ்காபரோவில் யாரோ தந்த கிறீம் பூசினேன் என்றாயே, அது மிச்சம் இருந்தால் இனித் தொடாதே. பையில் இறுக்கிக் கட்டி வை, குப்பையில் போடாதே, எங்கே கொடுப்பதென்று கேள். டொக்டரிடம் மறைக்காமல் சொல்லு, சிறுநீரில் பாதரசம் பார்க்கலாம். கொடியைக் கழற்றி, பிடரிப் பக்கம் படுகிற இடத்தை வெளிச்சத்தில் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பு.

பார்சல் வியாழன் போகும்.

அம்மா