சென்சார் போட்டால் டியூப் லைட் ஏன் சீக்கிரம் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின் சிக்கனம் பற்றிய உங்கள் கட்டுரையில், ஆள் நடமாட்டத்தைக் கண்டு தானாக எரிந்து அணையும் சென்சார்களைப் பொருத்தச் சொல்லியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதில் மாட்டுவது டியூப் லைட்டா, எல்.இ.டி.யா என்று பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். காரைக்குடிப் பக்கம் வயரிங் வேலை பார்க்கும் எனக்கு அடிக்கடி வரும் புகாரே அதுதான்.

இங்குள்ள பெரிய வீடுகள் பலவற்றில் காவலுக்கு இருப்பவர் மட்டும்தான் குடியிருக்கிறார். பங்காளிகள் வெளியூரில் இருந்துகொண்டு கரண்ட் பில்லைப் பங்குபோட்டுக் கட்டுகிறார்கள். செலவு குறையட்டும் என்று வளவு எனப்படும் நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் பழைய டியூப்புகளை அப்படியே வைத்துச் சென்சாரை மட்டும் சேர்க்கிறார்கள். கொஞ்ச நாளில் டியூப்பின் இரண்டு முனையும் கறுத்து, எரியாமல் போகிறது. புதிதாக மாட்டினாலும் அதே கதி. டியூப் மட்டம் என்பார்கள், கரண்ட் ஏற்ற இறக்கம் என்பார்கள்.

உண்மைக் காரணம் அந்தக் கறுப்பிலேயே இருக்கிறது. டியூப்பின் இரு முனையிலும் உள்ள டங்ஸ்டன் இழைமேல் பேரியம் முதலியவற்றின் ஆக்சைடு பூச்சு உண்டு. விளக்கு எரிவதற்கான எலெக்ட்ரான்கள் அந்தப் பூச்சிலிருந்துதான் வருகின்றன. ஒவ்வொரு முறை பற்றும்போதும் அதில் கொஞ்சம் சிதறிக் கண்ணாடியில் படிகிறது. பூச்சு தீர்ந்தால் டியூப் முடிந்தது. இழையைச் சூடாக்காமல் ஒரேயடியாக உயர் அழுத்தத்தில் பற்றவைக்கும் எலெக்ட்ரானிக் சோக் என்றால் தேய்மானம் இன்னும் அதிகம். பழைய சோக், ஸ்டார்ட்டர் இழையைச் சூடாக்கும், சரி. ஆனால் வோல்டேஜ் குறைந்தால் அதுவும் பலமுறை கண் சிமிட்டித்தான் பற்றும்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ஆயுள், சுமார் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை அணைத்துப் போட்டு அளந்தது. ஒரு நிமிடத்தில் அணையும்படி வைத்த சென்சாரோ ஒரே மாலையில் எத்தனை முறை போடும், எத்தனை முறை அணைக்கும்! அது பார்ப்பது நகரும் வெப்பத்தை. பூனை போனாலும் எரியும். திறந்த முற்றத்தில் வெயில் காலத்து அனல்காற்று வீசினாலும் சில சமயம் எரிந்துவிடும்.

போடும்போதுதான் கரண்ட் நிறைய இழுக்கும் என்ற நம்பிக்கையும் இங்கே பரவலாக உண்டு. அது தவறு, சில நொடி எரிவதற்கு ஆகிற அளவுகூட ஆகாது. வீணாவது டியூப்தான். 40 வாட் டியூப் சோக்கோடு சேர்ந்து சுமார் 50 வாட் எடுக்கும். 20 மணி நேரம் எரிந்தால்தான் ஒரு யூனிட். அதை மிச்சம் பிடிக்கப்போய் புது டியூப் வாங்குகிறோம், அந்த உயரத்துக்கு ஏணி போட்டு மாட்டக் கூலியும் கொடுக்கிறோம்.

டியூப்பை மாற்ற முடியாதவர்கள், சென்சாரில் நேரத்துக்கான சின்னத் திருகை 15 நிமிடத்துக்கு வையுங்கள். அவ்வளவு இல்லாவிட்டால் கடைசிவரை திருப்பிவிடுங்கள். ஆட்கள் நெடுநேரம் இருக்கும் சமையல்கட்டுக்குச் சாதாரண சுவிட்சே போதும். செலவு செய்ய முடிந்தவர்கள் சென்சார் உள்ள இடத்துக்கெல்லாம் எல்.இ.டி. டியூப் போடுங்கள். அதில் தேய்கிற பூச்சு கிடையாது, போட்டு அணைப்பதால் டியூப்பைப் போலத் தேயாது. சென்சார் வாங்கும்போது நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) இணைப்பு உள்ளதாகக் கேளுங்கள். இரண்டு ஒயர் சென்சாரில் கசியும் சிறு மின்சாரத்தால் சில எல்.இ.டி.கள் அணைத்த பிறகும் மங்கலாக எரியும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. போன டியூப்புகளை ஊருணிக் கரையிலும் குப்பைமேட்டிலும் உடைத்துப் போடுகிறார்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2023இல் கூடி, இவ்வகை டியூப்புகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்த முடிவு செய்ததே இந்தப் பாதரசத்தால்தான். அதுவரை நம் வீடுகளில் எரிகிற டியூப்புகள் முழு ஆயுளும் எரியட்டும். போனவற்றை உடைக்காமல் மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். இதையும் அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வயரிங் தொழிலாளி,
காரைக்குடி