ஆக்சிடென்ட் வக்கீலின் வேலை கோர்ட்டுக்கு வெளியேதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டம் படிக்கும் பிள்ளைகளிடம் எந்தப் பக்கம் போகப் போகிறாய் என்று கேட்டால் கிரிமினல் என்பார்கள், சிவில் என்பார்கள். ஆக்சிடென்ட் கேஸ் என்று யாரும் வாய் திறப்பதில்லை. பிணவறை வாசலில் கார்டு நீட்டும் புரோக்கர்களால் இந்த வேலைக்கு வந்த கெட்ட பெயர் அது. இராமநாதபுரத்தில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது; தொண்டி, தேவிபட்டினம், சாயல்குடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையும், மண்டபம், பாம்பன் வழியாக மதுரை – இராமேஸ்வரம் சாலையும் ஓடுகின்றன. இந்தத் தொழிலைத் தெரிந்து செய்பவர்கள் இங்கே தேவை. ஆகவே இதில் உண்மையில் என்ன வேலை இருக்கிறது என்பதை எழுதுகிறோம்.

எம்.சி.ஓ.பி. மனுவின், அதாவது இழப்பீடு கேட்டு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் போடும் மனுவின் பலம் வாதத்தில் இல்லை, முதல் சில வாரங்களில் சேரும் காகிதத்தில் இருக்கிறது. முதலாவது ஏ.ஆர். நகல், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு. அடிபட்டவரைத் தூக்கி வந்தவர் பதற்றத்தில் "பைக்கில் இருந்து விழுந்துட்டார்" என்று சொன்னால் டாக்டர் அதையே எழுதிக்கொள்வார். இரண்டு ஆண்டு கழித்து, தானாக விழுந்தவருக்கு எங்கள் லாரியைச் சேர்த்துவிட்டார்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனி அந்த ஒரு வரியைக் காட்டும். எதிர் வாகனத்தின் எண், மோதிய இடம், வந்த திசை ஆகியவை முதல் தகவல் அறிக்கையில் சரியாக இருக்கின்றனவா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். விபத்து நடந்த 48 மணி நேரத்தில் போலீஸ் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. தானாக நடக்கும் என்று உட்கார்ந்துவிடாமல் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், சில வாரம் கழித்து வரும் மரணம். இங்கிருந்து மதுரைக்கு அனுப்பப்பட்டு, டிஸ்சார்ஜ் ஆகி, வீட்டில் வைத்து இறந்தால் சொந்தக்காரர்கள் போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று அடக்கம் செய்துவிடுகிறார்கள். அதோடு காயத்துக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் முக்கியச் சான்று போய்விடுகிறது. போலீசுக்குச் சொல்லி, குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவில் பதிவான காய வழக்கை, கவனக்குறைவால் நேர்ந்த மரணத்துக்கான 106-ஆம் பிரிவுக்கு மாற்ற வைத்து, பிரேதப் பரிசோதனையும் நடந்தால்தான் அது மரண வழக்காக நிற்கும்.

இந்தக் கரையில் அதிகம் தோற்பது வருமான நிரூபணத்தில்தான். ஓர் உதாரணம்: விபத்தில் இறந்தவர் 36 வயது மீனவர். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பியிருந்தார்கள். மாத வருமானம் 15,000 என்று ஏற்கப்பட்டால், உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி தீர்ப்பின்படி (2017) எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்து 21,000, ஆண்டுக்கு 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கு கழித்தால் 1,89,000. சர்ளா வர்மா தீர்ப்பின் (2009) அட்டவணையில் 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கி, அதாவது ஆண்டுத் தொகையைப் பெருக்க வேண்டிய எண், 15. ஆக 28,35,000 ரூபாய். அதே மனிதருக்கு 10,000 என்று மட்டும் எடுத்தால் 18,90,000. மாதம் ஐயாயிரத்துக்குச் சான்று இல்லாததால் அந்தக் குடும்பம் இழப்பது 9,45,000 ரூபாய்.

பங்கு முறையில் கடலுக்குப் போகிறவரிடம் சம்பளச் சீட்டு கிடையாது. அதற்காகக் கையை விரிக்கக் கூடாது. விசைப்படகு எந்தெந்த நாள் போனது என்பதை மீன்துறை கொடுத்த அனுமதி டோக்கன் சொல்லும். ஏலம் எடுத்த வியாபாரியின் கணக்கு நோட்டு, படகு உரிமையாளரின் சாட்சியம், கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை எல்லாம் சேர்ந்தால் ஒரு தொகை நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் என்ன வருமானம் என்று குறுக்கு விசாரணையில் கட்டாயம் கேட்பார்கள். வலை பின்னியது, வேறு கூலிக்குப் போனது எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுச் சராசரியைக் கையில் வைத்திருக்க வேண்டும். பாசி எடுக்கும் பெண்ணுக்கும் உப்பளத் தொழிலாளிக்கும் இதே வழிதான். வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு வருமானமே இல்லை என்று எழுத விடக் கூடாது. அந்த உழைப்புக்கும் மதிப்பு வைக்க வேண்டும் என்று கீர்த்தி வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

லோடு ஆட்டோ கேஸ்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போனவருக்கு இன்சூரன்ஸ் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் ஆஷா ராணி வழக்கில் தீர்ந்துவிட்டது. ஆனால் மீன்கூடையோடு ஏறிய பெண் சரக்கின் உரிமையாளர். சட்டத்தில் அவருக்கு இடம் உண்டு. கம்பெனி மறுக்கத்தான் செய்யும். கேபினில் உட்கார்ந்தாரா, பின்னால் கூடைகளோடு உட்கார்ந்தாரா என்றும் கேட்கும். முதல் தகவல் அறிக்கையில் கூடை என்ற சொல்லே இல்லாமல் போனால் பிறகு எதை வைத்துப் பேசுவது?

கால வரம்பு: 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் போடப்பட்டன. அந்த வழக்குகளை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. வாரிசுச் சான்று தாமதமானாலும் மனுவை முதலில் தாக்கல் செய்துவிடலாம். மோதியது எந்த வண்டி என்றே தெரியாவிட்டால் வேறு வழி: மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தரும் திட்டத்துக்கு வருவாய்த் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே அதே சட்டத்தின் 164-ஆம் பிரிவில் மரணத்துக்கு 5 லட்சம் கிடைக்கும். ஆனால் கம்பெனி நீட்டும் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள பெரிய மனு காலாவதியாகிவிடும். மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். கடலில் நடந்த மரணத்துக்கு மோட்டார் வாகனச் சட்டமே பொருந்தாது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது மீன்துறை வழியாக வரும் 5 லட்ச ரூபாய் குழு விபத்துக் காப்பீடு.

கட்டணம் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. ஆள் வைத்துக் கேஸ் பிடிப்பதையும்தான். எந்தக் காரணத்துக்காகவும் வெற்றுக் காகிதத்திலோ காசோலையிலோ குடும்பத்தார் கையெழுத்திட வேண்டாம். பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பு இல்லாமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசமாக முடித்துக்கொள்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பாயத்தின் தீர்ப்பாக இருந்தால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாம்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் மாவட்ட வழக்கறிஞர்கள் சிலர்