பேஸ் கேம்ப் போற கார்த்திக்கு

டேய் கார்த்தி,

நீ அனுப்பின பிளான் பாத்தேன். நேபாளத்துல லுக்லா ஏர்போர்ட்ல இறங்கி, மேல நாம்சே ஊர்ல ஒரு நாள் கூடத் தங்கி உடம்பைப் பழக்கிட்டு நேரா எவரெஸ்ட் பேஸ் கேம்ப், திரும்பறப்ப ஹெலிகாப்டர். எல்லாரும் போடுற பிளான்தான் (ஹெலிகாப்டர் மட்டும் எனக்குப் பிடிக்கல, அதுக்கு நேர்ல சண்டை போட்டுக்கலாம்). ஆனா ரெண்டு இடம் சேத்துக்கோ, இம்ஜா ஏரியும் தாமே கிராமமும்.

ஏன்னா பேஸ் கேம்ப்ல நீ நிக்கப்போறது தரையே இல்ல, கும்பு கிளேசியர், அதாவது மெதுவா நகர்ற பனியாறு, அது மேலதான் டென்ட் போடுறாங்க. வெள்ளை வெளேர்னு இருக்கும்னு நினைச்சுட்டுப் போகாத, வழியில லோபுச்சே ஊர் பக்கம் பாத்தா கல் குவாரி மாதிரி கிடக்கும், ஐஸ் எல்லாம் அடியில. நடுநடுல குட்டைங்க இருக்கும், அதை ஒட்டி கருப்பா அழுக்கா ஐஸ் செங்குத்தா நிக்கும், வெயில் ஏற ஏற மேல இருக்கிற கல்லு ஒவ்வொண்ணா வழுக்கி தண்ணில விழுந்துட்டே இருக்கும், நான் பாட்டுக்கு நடக்கிறதை விட்டுட்டு அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். கனமா கல் மூடின இடத்துல ஐஸுக்கு வெயில் படாது, உருகுறது மெதுவா இருக்கும். இந்த மாதிரி திறந்து கிடக்கிற ஓரங்கள்லதான் வேகமா போகுது. 2022லயே பேஸ் கேம்ப்பை கீழ இறக்கலாமான்னு நேபாள அரசு பேச ஆரம்பிச்சுது.

சரி, உருகின தண்ணி எங்க போய் நிக்குது? அதுக்குத்தான் இம்ஜா. டிங்போச்சேல இருந்து சுக்குங் போய், அங்கருந்து சில மணி நேர நடை. 1950கள்ல எடுத்த போட்டோல அங்க ஏரியே கிடையாது, கிளேசியர் மேல சின்னச் சின்ன குட்டைங்கதான், இப்ப ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம். அதைத் தடுத்து வெச்சிருக்கிறது யாரும் கட்டின அணை இல்ல, கிளேசியர் காலங்காலமா தள்ளிக்கொண்டு வந்து குவிச்ச கல்லும் மண்ணும்தான். 2016ல நேபாள ராணுவத்துக்காரங்க வந்து கால்வாய் வெட்டி மதகு வெச்சு தண்ணியை மூணு மீட்டருக்கு மேல இறக்கினாங்க, அதுவும் 5,000 மீட்டர் உயரத்துல, நமக்கு ஷூ லேஸ் கட்டினாலே மூச்சு வாங்குற இடம்.

ஆனா எல்லா ஏரிக்கும் மதகு வெக்க முடியுமா என்ன. தாமே, எவரெஸ்ட்ல முதல்ல ஏறின டென்சிங் வளர்ந்த ஊரு, பேஸ் கேம்ப் பாதையிலயே வராது, நாம்சேல இருந்து மேற்க திரும்பணும். 2024 ஆகஸ்ட் 16 அன்னைக்கு மேல மலையில ஒரு ஏரி உடைச்சுக்கிச்சு, இம்ஜாவோட பாத்தா பொடி ஏரிதான். ஸ்கூல், ஹெல்த் போஸ்ட், வீடுங்க எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிருச்சு. பகல்ல நடந்ததால உயிர் போகல. இதே பள்ளத்தாக்குல 1985லயும் நடந்திருக்கு, டிக் சோ ஏரி உடைஞ்சு, கிட்டத்தட்ட கட்டி முடிச்சிருந்த நீர்மின் நிலையத்தையே வாரிட்டுப் போச்சு. நான் போனப்ப உருளைக்கிழங்கு வயல்ல ஆள் உயரத்துக்குப் பாறைங்க அப்படியே கிடந்துச்சு, எப்படி நகத்துவாங்கன்னே தெரியல. கார்பனை ஊதித் தள்ளி பூமியைச் சூடாக்கி ஐஸை உருக வெக்கிறது எவனோ, வயலைத் தொலைக்கிறது இவங்க, இதை நினைச்சா எனக்குக் கடுப்புதான் வருது.

அதனால தாமேல ஒரு ராத்திரியாவது தங்கு, அங்கயே சாப்பிடு, கூட்டம் எல்லாம் பேஸ் கேம்ப் பக்கமே போயிடுறதால அந்த லாட்ஜ்காரங்களுக்கு வியாபாரம் கம்மி. அப்புறம் லுக்லா ஃப்ளைட் சீசன்ல பெரும்பாலும் காட்மாண்டுல இருந்து இல்ல, தள்ளி இருக்கிற ராமேச்சாப்ல இருந்துதான், அங்க ரோடு வழியா போக காட்மாண்டுல நடுராத்திரியே கிளம்பணும், அதை முதல்ல கேட்டு வெச்சுக்கோ.

பிரபு