ஏசி விலையும் கரண்ட் பில்லும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை தொடங்கும் முன் ஏசி வாங்கிவிட எண்ணிச் சென்ற மாதம் வேலூரில் ஒரு கடைக்குச் சென்றிருந்தேன். ஒன்றரை டன்னில் மூன்று ஸ்டார் ஏசியைவிட ஐந்து ஸ்டார் ஏசியின் விலை 9,000 ரூபாய் அதிகம். "ரெண்டே வருஷத்துல கரண்ட் பில்லுலயே எடுத்துடலாம் சார்" என்றார் விற்பனையாளர். எங்கள் வீட்டில் மாதம் எத்தனை யூனிட் ஓடுகிறது என்பதை அவர் கேட்கவே இல்லை.

ஏசியின் முகப்பில் ஒட்டியிருந்த அட்டைகளைப் படித்தேன். ஆண்டு மின்செலவு ஒன்றில் 1,010 யூனிட், மற்றதில் 790 யூனிட். இது 1,600 மணி நேரம் ஓடுவதாகக் கொண்ட கணக்கு என்பதும் அதே அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கிறது. நாங்கள் இரவில் எட்டு மணி நேரம் போடுவோம். இரண்டு மாதத்துக்கு 480 மணி நேரம். அப்படியானால் மூன்று ஸ்டார் சுமார் 303 யூனிட்டும், ஐந்து ஸ்டார் 237 யூனிட்டும் இழுக்கும். வித்தியாசம் 66 யூனிட்.

இந்த 66 யூனிட்டுக்கு என்ன விலை போடுவது என்பதில்தான் பலரும் தவறுகிறோம். ஏசி இல்லாமலேயே எங்கள் வீட்டுக் கணக்கு இரண்டு மாத பில்லுக்கு 340 யூனிட் என்பதால், மிச்சமாகும் யூனிட்டுகள் எல்லாம் 2024 ஜூலை கட்டணப்படி யூனிட்டுக்கு 8.55, 9.65 ரூபாய் என்ற மேல் அடுக்குகளில் விழுகின்றன. ஒரு பில்லுக்கு ஏறத்தாழ 610 ரூபாய் மிச்சம். கோடையை ஒட்டி மூன்று பில் என்று வைத்தால், கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்ப ஐந்து ஆண்டுகள் ஆகும். ஏசி இல்லாமல் 260 யூனிட் ஓடும் வீட்டிலோ, மூன்று ஸ்டார் 500 யூனிட்டைத் தாண்டவைக்கும். ஐந்து ஸ்டார் தாண்டவிடாது. 501-ஆவது யூனிட்டில் மானியம் குறைந்து, கீழ் அடுக்குகளின் கட்டணமும் சேர்ந்து உயர்வதால், அவர்களுக்கு ஒரு பில்லிலேயே 750 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். மே மாதம் மட்டும் ஏசி போடும் வீட்டுக்கு மூன்று ஸ்டாரே போதும். நட்சத்திரத்துக்கான அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய இருப்பை வாங்குவோர் ஸ்டாரை எண்ணாமல் யூனிட்டையும் அட்டையில் உள்ள ஆண்டையும் பார்ப்பது நல்லது. (ஏசிக்குள் இருக்கும் மின்னணு போர்டு பழுதானால் ஆகும் செலவை நான் இக்கணக்கில் சேர்க்கவில்லை, மெக்கானிக் அடிக்கடி நினைவூட்டுகிறார்.)

முழுப்பக்க ஏசி விளம்பரங்கள் வரும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், வீட்டு மின் கட்டண அடுக்குகளைத் தங்கள் நாளிதழ் ஒரு சிறு கட்டத்தில் வெளியிட்டால், வாசகர்கள் அதைக் கத்தரித்து, பழைய மின் கட்டண ரசீதோடு கடைக்கு எடுத்துச் செல்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வேலூர்.