குடியிருப்பவர்களோடு சேர்த்து ஒரு வீடு

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். நீ வீடு வாங்கப் போகும் செய்தியை மாலதியிடம் சொன்னேன். "அவன் பேரம் பேசினானா?" என்று நம்பவே மறுக்கிறாள். கணக்கு வாத்தியார் இருந்தால் உன்னைத் தோளில் தூக்கி வைத்திருப்பார்!

ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, மாடியிலும் கீழேயும் வாடகைக்கு ஆட்கள் இருக்கிறார்கள், பத்திரம் முடிந்ததும் காலி செய்துவிடுவார்கள் என்று. அதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. யாருடா காலி செய்ய வைப்பது? பணம் கைக்கு வந்தபிறகு விற்றவருக்கு அதில் என்ன அக்கறை இருக்கும்?

வீடு கைமாறினாலும் வாடகை ஒப்பந்தம் அப்படியேதான் இருக்கும். பழைய ரோமானியச் சட்டத்தில் வாங்கியவர் குடியிருப்பவரை அனுப்பிவிடலாம். இன்று பல நாடுகளில் அது நடக்காது. ஜெர்மனியின் சிவில் சட்டத்தில் 566ஆம் பிரிவே இதற்கென்று இருக்கிறது: வாங்குபவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வந்துவிடுகிறார். ஒப்பந்தத்தில் எத்தனை மாதம் மிச்சமோ, அத்தனை மாதமும் அதே வாடகைதான், பழுது பார்ப்பதும் உன் பொறுப்புதான். உனக்குக் காலி வீடுதான் வேண்டுமென்றால், பத்திரத்துக்கு முன்பே விற்பவர் முறைப்படி காலி செய்து தரவேண்டும் என்று கிரய ஒப்பந்தத்தில் எழுது. அதுவரை ஒரு பகுதித் தொகையை நிறுத்தி வை.

அப்புறம் குடியிருப்பவர்கள் கொடுத்திருக்கும் முன்பணம். அவர்கள் போகும்போது அதை உன்னிடம்தான் கேட்பார்கள். அந்தத் தொகையை விலையில் இப்போதே கழித்துக்கொள். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதிவரை கட்டியிருக்கிறார்கள், உரிமையாளர் வாய்மொழியாக ஏதாவது ஒத்துக்கொண்டாரா என்பதையெல்லாம் அவர்களிடமே எழுதி வாங்கு. விற்பவர் சொல்லும் கணக்கும் அவர்கள் கணக்கும் எங்கே இடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இன்னொன்று, சேகர். வீடு விலைக்குப் போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவர்களுக்குச் சரியான தூக்கம் இருக்காது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டில் வயதானவர்கள் என்று எத்தனையோ இருக்கும். நீயே நேரில் போய் உட்கார்ந்து பேசு. யாரோ சொன்னார்கள் என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தும் வேலைக்கு மட்டும் போகாதே. அது சட்டப்படியும் உன்னைச் சிக்க வைக்கும், நம் நட்புக்கும் அடுக்காது. ஒழுங்காக வாடகை கட்டுகிறவர்கள் என்றால் இருக்கட்டுமே, என்ன அவசரம்?

கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு வாடகை ஒப்பந்தங்களின் நகலையும் எனக்கு அனுப்பு. முன்பணம் பற்றி விற்பவர் என்ன சொல்கிறார் என்றும் எழுது.

அன்புடன்,
ரகு