தரம் 6 பெயர்ப்பட்டியல் போடுமுன்: யாழ். மாவட்ட அதிபர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களுக்கும் ஐந்து வலயங்களின் கல்விப் பணிப்பாளர்களுக்கும்,

தரம் 5 புலமைப்பரிசில் புள்ளியை மேலிருந்து கீழாக அடுக்கி, முதல் நாற்பது பேர் ஏ, அடுத்த நாற்பது பேர் பி என்று வெட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பத்து வயதில் எழுதிய ஒரு பரீட்சை, தரம் 11இல் வரும் சாதாரண தரப் பரீட்சை வரை பிள்ளை எந்த வாங்கில் இருப்பது என்று முடிவு செய்கிறது. இதை நிறுத்துங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. மல்லிகை, முல்லை என்று பெயரை மாற்றி மறைக்க முடியாது. எது கெட்டிக்கார வகுப்பு என்று ஒரு கிழமைக்குள் பெற்றோர் பிடித்துவிடுவார்கள்.

கலந்தால் கெட்டிக்காரர் கெட்டுப்போவார்கள் என்ற பயம் எங்களுக்கும் தெரியும். இடைநிலை வகுப்புகள் பற்றிய 29 ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ரொபேர்ட் ஸ்லாவின் 1990இல் வெளியிட்ட மீளாய்வில், திறன்படி பிரித்ததால் அடைவில் வந்த வித்தியாசம் ஏறத்தாழப் பூச்சியம். மேல்மட்டப் பிள்ளைகளுக்கும் அதே கதைதான். பின்லாந்து 1985இலேயே கணிதத்திலும் பிறமொழிகளிலும் இருந்த பிரிப்பை எடுத்துவிட்டது. ஏ வகுப்புப் பெறுபேறு மின்னுகிறதென்றால் அனுபவமுள்ள கணித ஆசிரியர் எந்த வகுப்புக்குப் போகிறார், டி வகுப்புக்கு யார் போகிறார் என்று முதலில் நேரசூசியைப் பாருங்கள். பின்னேர ரியூசன் வேறு.

கலப்பதிலும் பிழை விடலாம். 160 பிள்ளைகள், நான்கு பிரிவுகள் என்று வையுங்கள். ஏ, பி, சி, டி என்று போய் மறுபடி ஏயில் தொடங்கினால் ஒவ்வொரு சுற்றிலும் ஏக்குத்தான் மேலான பிள்ளை விழும். பாம்பு வளைவாகப் போங்கள்: நாலாவது பிள்ளை டி, ஐந்தாவதும் டி, ஆறாவது சி, ஏழாவது பி, எட்டாவதும் ஒன்பதாவதும் ஏ. கலவன் பாடசாலையானால் ஆண், பெண் பட்டியல்களைத் தனித்தனியே இப்படிப் பிரியுங்கள். ஒரே ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் ஓரிடத்தில் குவிந்தால், பட்டியலில் அடுத்தடுத்து நிற்பவர்களை மட்டும் இடம்மாற்றுங்கள். சிபாரிசுக்கு மாற்றத் தொடங்கினால் பழைய ஏ வகுப்பு ஒரு தவணையில் திரும்பி வரும்.

கலந்துவிட்டுப் பழையபடி படிப்பித்தால் பலனில்லை. கணிதத்தில் இடைவெளி பொய்யல்ல. ஒரு பிள்ளை சமன்பாடு தீர்க்கும், பக்கத்துப் பிள்ளைக்குப் பின்னம் கூட்ட வராது. இரண்டு பிரிவுகளின் கணிதப் பாடவேளைகளை ஒரே நேரத்தில் போட்டு, கிழமையில் இரண்டு பாடவேளைக்கு மட்டும் அந்த 80 பேரையும் வேறாகப் பிரியுங்கள். அலகு தொடங்குமுன் பத்துக் கேள்வி, 15 நிமிடம். வசனக் கணக்கு வேண்டாம், அது தமிழ் வாசிப்பைத்தான் அளக்கும். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளைகள் ஒரு குழு; 25 பேருக்கு மேல் சேர்க்காமல் மூத்த ஆசிரியரிடம் விடுங்கள். மற்றவர்கள் பயிற்சித்தாளோடு மண்டபத்தில். மூன்று கிழமையில் மறுபடி கேள்வி, குழு கலைய வேண்டும். கலையாவிட்டால் அது இன்னொரு டி வகுப்பு.

அடைவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நாங்கள் ஒழுக்க வளர்ச்சியைப் பற்றிப் பேசுவதில்லை. பெரியவர் சொல்லுக்குப் பணிவதைவிடச் சமவயதினரோடு விதிகளைப் பேசித் தீர்ப்பதிலேயே நீதியுணர்வு முதிர்கிறது என்று சுவிஸ் உளவியலாளர் பியாஜே 1932இல் எழுதினார். ஒழுக்க வளர்ச்சியைப் படிப்படியாக வகுத்த அமெரிக்க உளவியலாளர் கோல்பேர்க்கின் மாணவர் பிளாட் வகுப்பறை விவாதங்களில் கண்டதும் இதற்குக் கிட்டத்தான்: தன்னுடையதைவிட ஒரு படி மேலான நியாயத்தைச் சகமாணவர் வாயால் கேட்ட பிள்ளைகளில் பலர் அந்தப் படிக்கு ஏறினர். மாணவ முதல்வர் எல்லாரும் ஏ வகுப்பு, வளவு கூட்டுவது டி வகுப்பு என்றிருக்கும் இடத்தில் அந்தப் பேச்சு எப்படி நடக்கும்? புள்ளி வேறு, நியாய உணர்வு வேறு.

மாதத்துக்கு ஒரு 40 நிமிடப் பாடவேளை போதும். தவணைப் பரீட்சையில் சிநேகிதன் பார்த்தெழுதத் துண்டு வைத்திருந்ததைக் கண்டாய், ஆசிரியர் கேட்கிறார், என்ன சொல்வாய்? ஐந்து நிமிடம் தனியே எழுதட்டும். 15 நிமிடம் ஐவர் குழுவில் பேசட்டும். மீதி நேரம் முழு வகுப்பும். ஆசிரியர் கேட்க வேண்டியது "ஏன்?" மட்டும். "களவு பாவம்" என்று அவர் தொடங்கினால் பிள்ளைகள் அதையே ஒப்புவித்துவிட்டு இருந்துவிடுவார்கள். புள்ளியும் போட வேண்டாம்.

பணிப்பாளர்களுக்கு ஒன்று. பெறுபேற்றுக் கூட்டத்தில் சாதாரண தரத்தில் எத்தனை பேருக்கு 9 பாடத்திலும் ஏ சித்தி என்று கேட்பதோடு, கணிதத்தில் சித்திக்கு வேண்டிய 35 புள்ளி எடுக்காதவர்கள் எத்தனை பேர், தரம் 6இலிருந்து அவர்களுக்கு யார் யார் படிப்பித்தார்கள் என்றும் கேளுங்கள்.

இப்படிக்கு,
இடைநிலைப் பிரிவு ஆசிரியர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்